பழைய லேப்டாப் எதற்காகக் காத்திருக்கிறது?

பத்து வருடப் பழைய லேப்டாப்பின் பட்டனை அழுத்திவிட்டு, பல் தேய்த்து, முகம் கழுவி வந்து உட்கார்ந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ‘அதுக்கு வயசாயிடுச்சு’ என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தீர்ப்பை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ள வேண்டாம். செயலிக்கு, அதாவது பிராசஸருக்கு, மூட்டுவலி வராது. 2013-இல் வினாடிக்கு 200 கோடி முறை துடித்த செயலி இன்றைக்கும் அதே 200 கோடி முறைதான் துடிக்கிறது. அதன் தலையில் ஏற்றப்படும் சுமை கூடியிருப்பது உண்மை. இணையப் பக்கங்கள் கனத்துவிட்டன. விண்டோஸ் பின்னணியில் நூறு வேலை பார்க்கிறது. ஆனாலும் நீங்கள் திரையைப் பார்த்துக் கடுப்பாகிற அந்த நேரத்தில், பெரும்பாலும் செயலி சும்மாதான் இருக்கிறது. எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. மீதிப் பாதிக்குத்தான் ஸ்க்ரூடிரைவர்.

கண்டுபிடிக்காமலே காசு செலவழிப்பவர்கள் நிறைய. நானும் செய்திருக்கிறேன். ‘ரேம் போட்டால் பறக்கும்’ என்று கேள்விப்பட்டு, தற்காலிக நினைவகமான ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆக்கினேன். அதற்கு முன்னால் லேப்டாப் தயாராக ஏழு நிமிடம் ஆனது. அதற்குப் பின்னாலும் ஏழு நிமிடம்தான் ஆனது. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

ஒரு வினாடியும் ஒரு வருடமும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பு அரை நானோவினாடி. மனதுக்குப் பிடிபடாத அளவு அது. அந்த ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று இழுத்து நீட்டிக்கொள்ளுங்கள். செயலி ரேமிடம் ஒரு தகவலைக் கேட்டால், பதில் வர ஏறக்குறைய 80 நானோவினாடி ஆகும். நம் நீட்டிய கணக்கில் அது இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதே கேள்வியை, சுழலும் பாகமில்லாமல் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிடம் கேட்டால் பதில் வர 0.1 மில்லிவினாடி, அதாவது இரண்டு நாளும் சொச்சமும். பழைய ஹார்ட் டிஸ்க்கிடம் கேட்டால்? 15 மில்லிவினாடி. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வருடம்.

ஹார்ட் டிஸ்க்கின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு நிஜமாகவே சுழல்கிறது. லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் தலைக்கு நேரே சுழன்று வர சராசரியாக அரைச் சுற்று. அதற்கு முன் அந்தத் தலை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு 10 மில்லிவினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுப்பதென்றால் வினாடிக்கு 60, 70 தடவைக்கு மேல் அதனால் ஓடியாட முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள்.

எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க் 100%’ என்று சிவந்து நிற்க, பக்கத்திலேயே வேகம் 1 எம்பிகூட இல்லை என்று காட்டுமே, புதியவர்களைக் குழப்பும் அந்தக் காட்சிக்கு விளக்கம் இதுதான். 4 கேபி துண்டுகளாக 65 தடவை எடுத்தால் வினாடிக்கு 260 கேபிதான் வரும். முழு மூச்சாக ஓடுகிறது, ஆனால் ஓட்டமெல்லாம் இங்குமங்கும் அலைவதிலேயே போய்விடுகிறது. அதே டிஸ்க்கில் ஒரே நீளமான வீடியோ கோப்பை நகலெடுத்தால் வினாடிக்கு 100 எம்பி தாராளமாக வரும். ‘காப்பி வேகமாத்தானே ஆகுது, அப்புறம் ஏன் ஸ்லோ?’ என்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

யாரைச் சந்தேகிப்பது

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக எந்த வேலையில் லேப்டாப் திணறுமோ அந்த வேலையைச் செய்யுங்கள். எந்த எண் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதில் ‘டாப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ‘டபிள்யூஏ’ என்று ஓர் எண் வரும். செயலி தன் நேரத்தில் எத்தனை சதவீதத்தை டிஸ்க்குக்காகக் காத்தே கழித்தது என்பதைச் சொல்லும் எண் அது. காத்திருப்புக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. டிஸ்க் 100% என்றால் உடனே டிஸ்க்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரேம் நிரம்பிவிட்டால், அப்போதைக்குத் தேவையில்லாததை இயங்குதளம் தூக்கி டிஸ்க்கில் போட்டு வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டரை நிமிட வேலையை ஒரு வருட வேலைக்காரனிடம் கொடுப்பது போல. திரையில் தெரிவது டிஸ்க்கின் திணறல், காரணம் ரேமின் பற்றாக்குறை. அதனால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால் ரேம் போதவில்லை. ரேம் பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

மூன்றாவது சந்தேகம் வெப்பம். ஆன் செய்த புதிதில் நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சோர்ந்து, ஃபேன் மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறதா? செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கருகாமல் தப்பிக்கத் தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். த்ராட்லிங் என்பார்கள். இங்கே காத்திருப்பது சூடு தணிவதற்காக. எஸ்எஸ்டியும் ரேமும் இதற்கு மருந்தில்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்ப்பது. உள்ளிருக்கும் டிஸ்க் அப்போது வேலையில் இல்லை. அந்த நிலையில் உலாவி, வீடியோ எல்லாம் சரளமாக ஓடினால், செயலியும் ரேமும் நலமாக இருக்கின்றன. பழி முழுக்க டிஸ்க்கின் மேலோ அதிலுள்ள இயங்குதளத்தின் மேலோதான். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் இவ்வளவு தெரிந்துவிடும்.

டிஸ்க்கை மாற்றுவது

2010 முதல் 2015 வரை வந்த லேப்டாப் ஒன்று இன்னும் ஹார்ட் டிஸ்க்கோடு இருந்தால், வேறெதையும் செய்யாமல் எஸ்எஸ்டி மட்டும் போட்டாலே ஆள் மாறிவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அந்தக் கால லேப்டாப்களில் இருப்பது சாட்டா என்ற இணைப்பு கொண்ட 2.5 அங்குல டிஸ்க். எஸ்எஸ்டியும் அதே வடிவத்தில் கிடைக்கிறது. அதே இணைப்பு, அதே துளைகள். பழைய டிஸ்க்குகள் பல 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். உள்ளே ஆடினால், பலவற்றோடு சேர்ந்தே வரும் மெல்லிய சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். ‘என் லேப்டாப் சாட்டா 2, அதில் எஸ்எஸ்டி போட்டு வீண்’ என்று சிலர் தயங்குகிறார்கள். சாட்டா 2 இணைப்பில் வினாடிக்கு 280 எம்பி அளவோடு நின்றுவிடும், சாட்டா 3 என்றால் 550 எம்பி வரை போகும். வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் நம்மைக் கொன்றுகொண்டிருந்தது அந்த ஒரு வருடக் காத்திருப்பு. அது இரண்டு நாளாகக் குறைவது எந்த சாட்டாவிலும் நடக்கும். அதனால் பழைய லேப்டாப்புக்குச் சந்தையிலேயே அதிவேகமான எஸ்எஸ்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டி கொஞ்சம் தந்திரமானது. வடிவம் ஒன்றே ஆனாலும் உள்ளே பேசும் மொழி இரண்டு: சாட்டா, என்விஎம்இ. 2014, 2015 வாக்கில் வந்த பல லேப்டாப்களின் எம்.2 துளை (ஸ்லாட்) சாட்டா மட்டுமே புரிந்துகொள்ளும். என்விஎம்இ வாங்கிச் செருகினால் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அது தெரியவே தெரியாது. மேலே அச்சிட்டிருக்கும் 2280 என்பது மாடல் எண் இல்லை. அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று அர்த்தம்.

மாற்றுவதற்கு முன்பு பழைய டிஸ்க்கின் உடம்பைச் சோதித்துவிடுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். ‘ரீஅலொகேட்டட்’, ‘பெண்டிங்’ என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து, அது நாளுக்கு நாள் கூடினால் டிஸ்க் சாகக் கிடக்கிறது. அப்போது முதல் வேலை பேக்கப். மற்றதெல்லாம் பிறகு.

பழையதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதா, புதிதாக இன்ஸ்டால் செய்வதா? நகலெடுத்தால் நிரல்களும் அமைப்புகளும் அப்படியே வந்துவிடும், கூடவே பத்து வருடக் குப்பையும் வரும். நான் புதிதாக இன்ஸ்டால் செய்யும் பக்கம். ஒரு மாலை நேரம் போகும், ஆனால் எது எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் இருக்காது. புதிதாக இன்ஸ்டால் செய்வதானால் முதலில் பயாஸுக்குள் போய் சாட்டா முறை ‘ஏஹெச்சிஐ’ என்று இருக்கிறதா பாருங்கள். சில பழைய லேப்டாப்களில் ‘ஐடிஇ’ என்று கிடக்கும். இன்ஸ்டால் செய்த பிறகு அதை மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்க மறுக்கும். அதனால் மாற்றுவதை முன்பே மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியை ஒருபோதும் டிஃப்ராக் செய்ய வேண்டாம். சிதறிக் கிடப்பதைச் சேர்த்து வைப்பது சுழலும் தட்டுக்கான வைத்தியம். இங்கே சுழல எதுவுமில்லை, எழுதி எழுதி ஆயுளைக் குறைப்பதுதான் மிச்சம்.

ரேம்: எழுத்து ஒன்று மாறினால்

லேப்டாப் ரேமுக்கு எஸ்ஓ-டிம் என்று பெயர். அதில் தலைமுறைகள் உண்டு: டிடிஆர் 3 என்றால் 204 கால்கள், டிடிஆர் 4 என்றால் 260. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும், அதனால் ஒன்றை இன்னொன்றின் துளையில் செருக முடியாது. குழப்பம் வருவது டிடிஆர் 3, டிடிஆர் 3எல் இரண்டுக்கும் நடுவில். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒரே துளையில் அழகாக உட்காரும். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். இன்டெல்லின் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரை கறுப்பாகவே கிடக்கும். ‘போச்சு, போர்டு போயிடுச்சு’ என்று பதறிய ஒருவரின் லேப்டாப்பில் நான் கண்டது இந்த ஓர் எழுத்தைத்தான். 3எல் ரேம் பொதுவாக இரண்டு மின்னழுத்தத்திலும் ஓடும். ஆகவே சந்தேகம் இருந்தால் 3எல் வாங்குங்கள்.

எத்தனை துளை, எதில் என்ன இருக்கிறது என்பதை சிபியூ-இசட் மென்பொருள் காட்டும். ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப்களும் உண்டு. இன்றைய உலாவிக்கு 4 ஜிபி மூச்சுத் திணறல். 8 ஜிபி இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். 16 போட முடிந்தால் போடலாம், ஆனால் உலாவியில் நாலு தாவல் (டேப்) திறப்பவருக்கு அதனால் வேகம் கூடாது. காலியாகக் கிடக்கும் ரேம் எதையும் வேகப்படுத்துவதில்லை. இரண்டு துளையிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் போகும். தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் இது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும்.

8 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்றால், ஏறியிருப்பது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டில் எண்ணிக் காட்டக்கூடிய முகவரிகள் 429 கோடி சொச்சம், அதாவது 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கை கிராபிக்ஸ் முதலான வன்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். 64 பிட் இயங்குதளத்தை ஏற்றினால் மீதி ரேம் கண்ணுக்குத் தெரியும்.

தூசியும் காய்ந்த பேஸ்ட்டும்

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். திங்க்பேட், டெல் லாட்டிடியூட் போன்ற அலுவலக வரிசைகளுக்குத் தயாரிப்பாளர்களே படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஸ்க்ரூ எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை இருக்கும். மேனுவல் இல்லையென்றால் ஓர் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். இதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு, நீள ஸ்க்ரூ ஒன்றைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கியிருக்கிறேன். கை வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கை முட்டிக்கொண்டு ஒரு குமிழ் கிளம்பியது, இன்றைக்கும் இருக்கிறது.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் மூடி வரவில்லையென்றால் நெம்பாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்குப் பின்னாலோ ஒன்று ஒளிந்திருக்கும். கீபோர்டு, டச்பேடிலிருந்து வரும் தட்டையான கேபிள்களை இழுத்துப் பிடுங்கக் கூடாது. அவற்றைக் கவ்விப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாள் சிலவற்றில் மேல்நோக்கித் திறக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் நகரும். எது எப்படி என்று கண்ணால் பார்த்த பிறகே நகத்தை வையுங்கள். அந்தத் தாழ்ப்பாள் உடைந்தால் போர்டையே தொட வேண்டிவரும்.

வெளியிலிருந்து ஓட்டை வழியாக ஊதுவதால் தூசி போய்விடாது. ஃபேன் தள்ளும் காற்று, செயலியின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்குள் நுழையும் வாயில், தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். ஃபேன் மூடியைக் கழற்றினால்தான் அது தெரியும். பல நேரம் விரலால் பிடித்து ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம். ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நிரப்புவது தெர்மல் பேஸ்ட். பல வருடத்தில் அது காய்ந்து பொடியாகிவிடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பார்கள். மாட்டும்போது அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் முழுதாக இறுக்கினால் செயலியின் மூலை உடையலாம். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதியதை மிளகளவு நடுவில் வைத்தால் போதும். அள்ளி அப்புவதால் குளிர்ச்சி கூடுவதில்லை. பக்கத்துச் சில்லுகளின் மேல் மெத்தை போன்ற பட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவாதீர்கள். அங்கே இருப்பது மில்லிமீட்டர் கணக்கிலான இடைவெளி. பேஸ்ட்டால் அதை எட்ட முடியாது.

திறந்ததுதான் திறந்தோம், ஒரு காசு வடிவ பேட்டரியையும் பார்த்துவிடுவோம். சிஆர் 2032 என்று எழுதியிருக்கும்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், 3 வோல்ட். லேப்டாப் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். இது தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும். அப்போது பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாம் ‘சான்றிதழ் செல்லாது’ என்று எச்சரிக்கும், ஏனென்றால் அந்தத் தேதியில் அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை. இணையம் கெட்டுவிட்டது என்று ரௌட்டரை மாற்றியவர்களும் உண்டு.

பெரிய பேட்டரியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான் அவசரமானது: வீக்கம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டிக்கும் போகக் கூடாது, மின்கழிவு சேகரிப்பவர்களிடம்தான் சேர வேண்டும். சார்ஜர் மாற்றுவதென்றால் வோல்ட் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட்.

எந்த இயங்குதளம்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்குச் சரி, வங்கிக் கணக்கைத் திறக்கும் லேப்டாப்பில் நான் செய்ய மாட்டேன். அடுத்த புதுப்பிப்பு வருமா என்று ஒவ்வொரு முறையும் யாருடைய தயவையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் செயலி காலத்து லேப்டாப்களுக்கு அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டது: விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகள் அந்தச் செயலிகளில் கிடையாது, ஆகவே தொடங்கவே தொடங்காது.

மிச்சமிருப்பது லினக்ஸ். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு விண்டோஸிலிருந்து வருபவருக்குப் பழகியது போலவே இருக்கும். ரேம் குறைவென்றால் லுபுண்டு இன்னும் இலகு. முன்பு சொன்ன பென் டிரைவ் சோதனையை இங்கே மறுபடி செய்யுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு டிஸ்க்கில் ஏற்றுங்கள். தமிழ்99 விசைப்பலகை அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. 32 பிட் மட்டுமே தெரிந்த செயலி என்றால் வழி குறுகலானது; டெபியன் என்ற லினக்ஸ்கூட 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவலை நிறுத்திவிட்டது.

எல்லாம் மாற்றிய பிறகும் வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடும் லேப்டாப்கள் உண்டு. இங்கே செயலி நிஜமாகவே உழைக்கிறது. வீடியோவைச் சுருக்கப் பல முறைகள் இருக்கின்றன. பழைய செயலிகளில் ஹெச்.264 முறையைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. விபி9 முறைக்கு முழுமையான அப்படிப்பட்ட சுற்று இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. யூடியூப் இயல்பாக விபி9-ஐயோ அதைவிடப் புதியதையோ அனுப்புகிறது, செயலி அதைக் கையால் பிரிக்கிறது. ஹெச்.264-ஐ மட்டும் கேட்கும்படி உலாவியில் ஒரு நீட்சியைச் சேர்த்தால் ஃபேன் சத்தம் அடங்குவதைக் காதாலேயே கேட்கலாம். காசு செலவே இல்லாத இந்த மாற்றம்தான் எனக்கு அதிக வியப்பைத் தந்தது.

செயலியை மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். ஏறக்குறைய 2013 வரை பல லேப்டாப்களில் அது கழற்றிப் போடும் வகை. பிறகு வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாம் போர்டோடு பற்றவைத்தது. மாற்ற முடிந்தாலும் கிடைக்கும் லாபம் சிறிது, சூடு அதிகம். வைஃபை கார்டை மாற்றலாம், ஆனால் சில பயாஸ்கள் தங்களுக்குத் தெரிந்த கார்டை மட்டுமே அனுமதிக்கும். அந்த வம்புக்கு யூஎஸ்பி வைஃபை எளிது. போர்டே போய்விட்ட லேப்டாப்பில் மட்டும் காசைக் கொட்டாதீர்கள். அதிலிருந்து எஸ்எஸ்டியையும் ரேமையும் சார்ஜரையும் கழற்றி வைத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். ஸ்மார்ட் குறிப்பு சுத்தமாக இருந்தால் 2.5 அங்குல யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு, ஒரு மாதம் அப்படியே வையுங்கள். ஏதோ ஒரு கோப்புறையை நகலெடுக்க மறந்திருப்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரியவரும். அதன் பிறகு ஃபார்மட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நீளமான கோப்புகளை வரிசையாக எழுதுவதற்கு அது இன்னும் சளைத்ததில்லை.